துட்டு: சொல்லின் தோற்றமும் பொருளும்

துட்டு என்பது பணத்தைக் குறிக்கும் தமிழ்ப் பேச்சு வழக்குச் சொல். ஒரு காலத்தில் இது குறிப்பிட்ட மதிப்புள்ள ஒரு செப்புக் காசின் பெயராக இருந்தது. அந்தக் காசு மறைந்த பின் பொதுவாகப் பணம் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. நெதர்லாந்து நாட்டின் மொழியான டச்சில் 'டொய்ட்' என்றொரு சிறு செப்புக் காசின் பெயர் உண்டு. துட்டு அதிலிருந்து வந்தது என்பதே சொற்பிறப்பு பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கருத்து. டச்சு, ஜெர்மன், ஆங்கிலம், டேனிஷ் ஆகிய ஜெர்மானிய மொழிகளில் இச்சொல்லின் உறவினர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுடைய பொருள் மட்டும் நம் துட்டின் பொருளுக்கு ஏறத்தாழ எதிர்த்திசையில் போயிருக்கிறது. அது எப்படி நேர்ந்தது, இந்தப் பிறப்புக் கதையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இன்றைய வழக்கு

துட்டு சென்னைத் தமிழுக்கே உரிய சொல் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. திரைப்படங்களில் சென்னைப் பேச்சோடு சேர்த்து இதைக் கேட்டுக் கேட்டு அந்த எண்ணம் வளர்ந்திருக்கலாம். உண்மையில் திருநெல்வேலி முதல் சேலம் வரை பல வட்டாரங்களில் இச்சொல் வழங்குகிறது. வாழப்பாடிச் சந்தையில் "கையில துட்டு இல்லீங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்று சொன்னால் யாரும் வியந்து பார்க்க மாட்டார்கள்.

பணம், காசு, துட்டு மூன்றும் ஒரே பொருளைத் தந்தாலும் மூன்றும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வங்கிப் படிவத்திலும் செய்தித்தாளிலும் 'பணம்' வரும். வீட்டில் 'காசு' வரும். நெருக்கமானவர்களிடம் பேசும்போதும், பணத்தின் மேல் கொஞ்சம் எரிச்சலோ ஏளனமோ இருக்கும்போதும் 'துட்டு' வரும். "நல்லா துட்டு சேத்துட்டான்", "ஓட்டுக்குத் துட்டு", "துட்டுன்னா வாயைப் பொளப்பான்" என்ற தொடர்களில் துட்டை எடுத்துவிட்டுப் பணத்தை வைத்தால் பொருள் மாறாது. ஆனால் சொல்பவரின் குரல் மாறிவிடும்.

இலக்கண நோக்கில் இது வன்றொடர்க் குற்றியலுகரச் சொல். இன்றைய வழக்கில் இதை எண்ணிச் சொல்வதில்லை. "துட்டு கொடு" என்கிறோம். "நூறு துட்டு கொடு" என்பதில்லை. எண்ண வேண்டுமானால் ரூபாய் என்ற சொல்லுக்குப் போகிறோம். முன்பு நிலைமை அப்படி இல்லை. துட்டை எண்ணத்தான் செய்தார்கள். பழமொழி ஒன்று அதற்குச் சான்று.

"பட்டுக்கோட்டைக்கு வழி எது என்றால் கொட்டைப்பாக்கு துட்டுக்கு எட்டு" என்பார்கள். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் சொல்பவரைக் கேலி செய்யும் பழமொழி இது. பாக்கு மண்டிகள் உள்ள வாழப்பாடிப் பகுதியில் இதற்குக் கூடுதல் சுவை உண்டு. இதில் வரும் துட்டு பொதுவான பணம் அல்ல. எட்டுக் கொட்டைப்பாக்கு வாங்கக்கூடிய ஒரு காசு. பழமொழி பிறந்த காலத்தில் துட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதை இந்த ஒரு தொடரே காட்டிவிடுகிறது.

நாணயமாக இருந்த துட்டு

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கடைப்பிடித்த நாணயக் கணக்கு இன்றைய மாணவர்களுக்குப் புதிராகத் தோன்றும். பத்துக் காசு சேர்ந்தால் ஒரு துட்டு. எட்டுத் துட்டு சேர்ந்தால் ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் சேர்ந்தால் ஒரு வராகன். அதாவது ஒரு பணத்துக்கு 80 காசு. ஒரு வராகனுக்கு 336 துட்டு அல்லது 3,360 காசு. காசும் துட்டும் செம்பு, பணம் வெள்ளி, வராகன் பொன். ஆங்கில ஆவணங்களில் துட்டு 'டூடி', 'டுடு' என்று எழுதப்பட்டது. 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சோஹோ அக்கசாலையில் சென்னைக்காகச் செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றுள் பத்துக் காசு நாணயம் இந்தத் துட்டுதான்.

ஊருக்கு ஊர் கணக்கு ஒன்றாக இருக்கவில்லை. ஐந்து காசைத் துட்டு என்ற இடமும் உண்டு. இருபது காசைத் துட்டு என்ற இடமும் உண்டு. பின்னர் ரூபாய், அணா, பை என்ற முறை பரவியபோது, பல இடங்களில் நான்கு பையை ஒரு துட்டு என்று மக்கள் சொன்னார்கள். ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்பதால் அணாவுக்கு மூன்று துட்டு. பதினாறு அணா கொண்ட ரூபாய்க்கு 48 துட்டு.

சென்னை மாகாணத்தில் 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமாயிற்று. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே வகை ரூபாய் வந்தது. துட்டு என்ற பெயரில் அரசு நாணயம் எதுவும் அடிக்கப்படாத காலத்திலும் மக்கள் சின்னச் செப்புக் காசைத் துட்டு என்றே சொல்லி வந்தார்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு பைசா என்ற பதின்ம முறை வந்ததும் அணாவும் பையும் கணக்கிலிருந்து போயின. துட்டுக்கு இருந்த கடைசி எண் மதிப்பும் அத்தோடு போயிற்று. சொல் மட்டும் நின்றது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்ன கணக்கில் வரும் காசு, துட்டு, பணம் என்ற மூன்று சொற்களும் இன்று பொதுவாகச் செல்வத்தைக் குறிக்கின்றன. மூன்றும் ஒரு காலத்தில் வெவ்வேறு படியில் இருந்த நாணயங்கள். பணம் என்பதே 80 காசு மதிப்புள்ள ஒரு சிறு நாணயத்தின் பெயர்தான். நாணயம் புழக்கத்தில் இருக்கும்வரை அதன் பெயர் ஓர் எண்ணோடு கட்டுண்டு கிடக்கும். நாணயம் மறைந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். துட்டு பணமான கதையின் பாதி இதுதான். மறு பாதியை அறிய ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

ஜெர்மானிய மொழிகளில் டொய்ட்

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவை திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பள்ளியில் படிக்கிறோம். அதுபோல ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், டேனிஷ், நார்வேஜியன், சுவீடிஷ் ஆகியவை ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் மொழிகளில் ஒரே சொல் சிறு ஒலி மாற்றத்தோடு வழங்குவது போல அவற்றிலும் வழங்கும்.

டச்சு மொழியில் டொய்ட் என்பது ஒரு செப்புக் காசு. இச்சொல்லில் வரும் உயிரொலிக்குத் தமிழில் சரியான எழுத்து இல்லை. ஏறத்தாழ இப்படி எழுதலாம். எட்டு டொய்ட் ஒரு ஸ்டைவர். இருபது ஸ்டைவர் ஒரு கில்டர். ஆகவே ஒரு கில்டருக்கு 160 டொய்ட். நெதர்லாந்து 1816இல் பதின்ம முறைக்கு மாறி, ஒரு கில்டருக்கு நூறு சென்ட் என்று வகுத்தது. டொய்ட்டின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. மொழியில் அது முடியவில்லை. கையில் ஒன்றுமில்லை என்பதற்கு "ஒரு சிவப்பு டொய்ட் கூட இல்லை" என்று டச்சுக்காரர் இன்றும் சொல்வர். சிவப்பு என்பது செம்பின் நிறம். ஓர் உரையாடலில் தன் கருத்தையும் சேர்த்துச் சொல்வதைப் "பைக்குள் ஒரு டொய்ட் போடுதல்" என்பர். தேவாலயத்தில் காணிக்கைப் பை நீட்டப்படும்போது ஏழையும் ஒரு டொய்ட் போடும் வழக்கத்திலிருந்து வந்த தொடர் இது. பன்மையில் சொன்னால் மட்டும் பேச்சு வழக்கில் பணம் என்ற பொருளும் உண்டு.

நெதர்லாந்தை ஒட்டிய ரைன் ஆற்றுப் பகுதி வழியாகச் சொல் ஜெர்மன் மொழிக்குள் போயிற்று. அங்கே காசு என்ற நினைவே இன்று பலருக்கு இல்லை. "ஒரு டொய்ட் கூட இல்லை" என்றால் "துளியும் இல்லை" என்று பொருள். "அவனுக்கு அதில் ஒரு டொய்ட் கூட அக்கறை இல்லை" என்று பணத்தோடு தொடர்பே இல்லாத இடத்திலும் வரும். டேனிஷ் மொழியிலும் இதே வகைத் தொடர் உண்டு. அதன் பொருளும் "கொஞ்சமும் இல்லை" என்பதே. ஆங்கிலத்தில் இச்சொல் 'டாய்ட்' எனப்பட்டது. ஷேக்ஸ்பியர் 'த டெம்பெஸ்ட்' உள்ளிட்ட நாடகங்களில் மிக அற்பமான தொகை என்ற பொருளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் பழைய நூல் படிப்பவருக்கே இது தெரியும்.

வேர்: வெட்டிய துண்டு

டொய்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஸ்காண்டினேவிய நாடுகளின் பழைய மொழியான பழைய நோர்ஸில் 'த்வெயிட்' என்றொரு சொல் உண்டு. துண்டு என்பது அதன் அடிப்படைப் பொருள். அதன் உறவுச் சொல் ஒன்று ஒரு சிறு எடையையும் சிறு காசையும் குறித்தது. இவற்றின் வேர் 'வெட்டு' என்ற பொருள் கொண்ட வினைச்சொல். டச்சு டொய்ட் இந்த வேரைச் சார்ந்தது என்று சொற்பிறப்பு அகராதிகள் கூறுகின்றன.

முதல் எழுத்து வேறாக இருப்பது மாணவர்களுக்கு ஐயம் தரலாம். ஆங்கிலத்தில் 'த்ரீ' என்பது டச்சில் 'ட்ரீ', ஜெர்மனில் 'ட்ரை'. ஆங்கிலத்தில் 'திங்' என்பது டச்சிலும் ஜெர்மனிலும் 'டிங்'. ஆங்கிலமும் பழைய நோர்ஸும் காத்துக்கொண்ட அந்தத் தகர ஒலி டச்சிலும் ஜெர்மனிலும் டகரமாக மாறுவது ஒழுங்கான விதி. நம் மொழிகளில் தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகி, பால் 'ஹாலு' என்றும் பல் 'ஹல்லு' என்றும் ஆவதை இதற்கு ஒப்பிடலாம்.

வெட்டிய துண்டு எப்படிக் காசாகும்? வைக்கிங் காலத்து வடஐரோப்பாவில் வெள்ளிக் காப்புகளையும் கட்டிகளையும் துண்டு துண்டாக வெட்டி, எடை போட்டு விலையாகக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட புதையல்கள் நிறையக் கிடைத்துள்ளன. நம் நாட்டிலும் பழைய முத்திரைக் காசுகள் வெள்ளித் தகட்டை வெட்டித் துண்டாக்கி, எடை சரிபார்த்து, முத்திரை குத்திச் செய்யப்பட்டவையே.

இதே வேரிலிருந்து வேறு சொற்களும் கிளைத்தன. காட்டை வெட்டித் திருத்திய நிலத்துண்டு 'த்வெயிட்' எனப்பட்டது. வட இங்கிலாந்தில் பிரெய்த்வெயிட், பாசன்த்வெயிட் முதலிய ஊர்ப்பெயர்களில் அது நிற்கிறது. நார்வேயில் 'ட்வெய்ட்' என்பது ஊர்ப்பெயராகவும் குடும்பப் பெயராகவும் உள்ளது. கத்தியால் மரத்தைச் சீவுவதைக் குறிக்கும் 'விட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த வேரினதே. ஆக, வாழப்பாடிச் சந்தைத் துட்டும், இங்கிலாந்தின் மலையடிவாரத்து ஊர்ப்பெயரும், கத்தியால் குச்சி சீவும் சிறுவனின் செயலும் ஒரே வேரில் சந்திக்கக் கூடும்.

கடல் கடந்து வந்த காசு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டு 1799 இறுதியில் முடிவுக்கு வந்தது. தமிழகக் கரையில் அது 1610இல் பழவேற்காட்டில் காலூன்றியது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வணிகக் கிடங்குகள் வைத்திருந்தது. 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகியவற்றைக் கைப்பற்றியது. நாகப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயரிடம் போகும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர் வலுவாக இருந்தனர். அவர்களை நம் முன்னோர் உலாந்தாக்காரர் என்றார்கள்.

அவர்கள் இங்கே வாங்கியதில் முதன்மையானது துணி. கொண்டுவந்து கொடுத்தவற்றுள் முக்கியமான ஒன்று ஜப்பானியச் செம்பு. அந்தச் செம்பு பாத்திரமாயிற்று, காசாகவும் ஆயிற்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனியே செப்புக் காசுகளை அடித்தது. 1726 முதல் நெதர்லாந்து அக்கசாலைகளிலும் ஆசியாவுக்கென்றே தனி டொய்ட்டுகள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் கம்பெனியின் பெயரெழுத்துகள் பின்னிய முத்திரை. மறுபக்கம் அடித்த மாகாணத்தின் சின்னம்.

தனியாக அடித்ததற்குக் காரணம் இருந்தது. நெதர்லாந்தில் எட்டு டொய்ட் ஒரு ஸ்டைவர் என்றால் ஆசியாவில் நான்கு டொய்ட்டுக்கே ஒரு ஸ்டைவர் என்று கம்பெனி மதிப்பு வைத்திருந்தது. கப்பலில் வருபவர் உள்நாட்டு டொய்ட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்தால் இங்கே இரு மடங்கு ஆதாயம். அதைத் தடுக்கவே முத்திரையிட்ட தனிக் காசு. அற்பக் காசு என்று பிறந்த நாட்டில் கருதப்பட்ட ஒன்று, கடல் தாண்டியதும் மதிப்பு உயர்ந்தது. பின்னாளில் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே.

அண்டை மொழிகளில்

டச்சுக்காரர் இருந்த கரைகளை வரைபடத்தில் குறித்துவிட்டு, இந்தச் சொல் வழங்கும் மொழிகளையும் குறித்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் பொருந்தி வருகின்றன.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'டுவிட்' என்றால் பணம். பணத்தின் மேலேயே கண்ணாக இருப்பவனை இந்தோனேசியாவில் "மாத்தா டுவிட்டான்" என்பர். மாத்தா என்றால் கண். சிங்களத்தில் 'துட்டு' சிறு காசைக் குறிக்கும். மலிவான, தரம் குறைந்த ஒன்றை "இரண்டு துட்டுப் பெறுமானம்" என்ற பொருளில் இகழ்வார்கள். மலையாளத்திலும் துட்டு சில்லறைக் காசு. கொச்சி 1663 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது நினைவில் கொள்ளத்தக்கது.

வரைபடத்தில் பொருந்தாமல் நிற்பது கன்னடம். அதில் பணத்துக்கு அன்றாடச் சொல்லே 'துட்டு'தான். டகரம் மட்டும் வல்லோசையாக இல்லாமல், 'வண்டு' என்ற சொல்லில் வரும் டகரத்தை இரட்டித்தது போல ஒலிக்கும். "துட்டே தொட்டப்பா" என்பது அங்கே எல்லோரும் அறிந்த பழமொழி. பணமே பெரியப்பா என்று பொருள். துளு, கொங்கணி மொழிகளிலும் இதே வடிவம் உண்டு. தெலுங்கில் 'டப்பு' என்ற வேறு சொல் மிகுதியாக வழங்கினாலும் இதுவும் தெரிந்த சொல்லே.

துட்டு டச்சுச் சொல்தானா?

ஒரு சொல் கடன் வாங்கப்பட்டதா என்று முடிவு செய்ய ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. ஒலி, பொருள், காலம், இடம் என்ற நான்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஒலி. தொல்காப்பிய விதிப்படி டகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, தகரம் வரும். வல்லின மெய்யில் முடியும் பிறமொழிச் சொல்லைத் தமிழர் அந்த மெய்யை இரட்டித்து உகரம் சேர்த்துச் சொல்வர். நோட்டு, கோட்டு, பிளேட்டு எல்லாம் அப்படி வந்தவை. எனவே டொய்ட் துட்டாவது இயல்பு. ஆனால் வேறொரு வழியும் திறந்திருக்கிறது. வட இந்திய இனிப்பின் பெயரில் உள்ள மெல்லோசை இரட்டை டகரம் தமிழில் வல்லோசையாகி 'லட்டு' ஆனது. அதே முறையில் கன்னடத் துட்டு தமிழ்த் துட்டாக வந்திருக்கவும் முடியும். கன்னடம் நேராக டச்சிலிருந்து வாங்கியிருந்தால் கடைசி ஒலி ஏன் மென்மையானது என்பதற்கும் விளக்கம் வேண்டும். ஆகவே ஒலி டச்சு மூலத்துக்கு இடம் தருகிறது, அதை மெய்ப்பிக்கவில்லை.

அடுத்து பொருள். இரண்டும் சிறு செப்புக் காசுகள். அணி, எடை, நிலத்துண்டு என்று பொருள் தாவாமல் காசுக்குக் காசு நேராகப் பொருந்துகிறது.

மூன்றாவது காலம். காசு என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் காசு, பொன், கழஞ்சு எல்லாம் வருகின்றன. நாணயத்தைக் குறிக்கும் துட்டு அங்கே இல்லை. பழைய பக்தி நூல்களில் துட்டு என்ற எழுத்துக்கூட்டைக் கண்டு சிலர் மயங்கலாம். அது துஷ்ட என்ற வடசொல்லின் வழி வந்து தீமையைக் குறிப்பது. துட்டர் என்பதும் அதனோடு சேர்ந்தது. எழுத்து ஒன்று, சொல் வேறு. ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று உண்டு. கீழை நாட்டுச் சிறு காசைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசு போர்த்துக்கீசர் வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இரண்டும் உறவே இல்லாத சொற்கள்.

நான்காவது இடம். தமிழகக் கரை, மலையாளக் கரை, இலங்கை, இந்தோனேசியத் தீவுகள் என்று டச்சுக் கம்பெனி ஆண்ட, வணிகம் செய்த இடங்களிலெல்லாம் சொல் இருப்பது தற்செயல் என்று தள்ள முடியாதது. தனித்து ஒரு சொல்லாகவும் அது வரவில்லை. கழிப்பிடத்தைக் குறிக்கும் கக்கூசு டச்சுச் சொல்லே. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குக் கந்தோர், மேசை இழுப்பறைக்கு லாச்சி, பத்திரம் எழுதுபவருக்கு நொத்தாரிசு என்று டச்சுச் சொற்கள் உள்ளன.

நான்கையும் நிறுத்துப் பார்த்தால் தட்டு டச்சுப் பக்கம் தாழ்கிறது. கன்னட வடிவத்தின் ஒலி மட்டும் எதிர்த்தட்டில் இருக்கிறது. சேலம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி இன்னும் சுவையானது. இப்பகுதி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்து, பின் ஆங்கிலக் கம்பெனியிடம் வந்தது. கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. மறுபுறம் சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் வழியாகக் கிழக்கே போகும் சாலை கடலூர்க் கரைக்குப் போகிறது. மேற்கிலிருந்து கன்னடத் துட்டும் கிழக்கிலிருந்து கரையோரத் துட்டும் சந்திக்கக்கூடிய ஊர் இது. நம் பாட்டன் வாயில் எது முதலில் ஏறியது என்று பிரித்துச் சொல்லாவிட்டாலும், இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தியிருக்கும் என்று கொள்ளலாம்.

ஒரே காசு, இரு திசை

ஐரோப்பாவில் டொய்ட் தேய்ந்து தேய்ந்து 'ஒன்றுமில்லை' என்ற பொருளை நோக்கிப் போனது. ஆசியாவில் அதே சொல் வளர்ந்து 'பணம் எல்லாம்' என்ற பொருளை அடைந்தது. ஏன்?

சொந்த நாட்டில் டொய்ட்டுக்கு மேலே ஸ்டைவர், கில்டர் என்ற படிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. கடைசிப் படி என்பதால் அற்பத்துக்கு அளவாயிற்று. இங்கே உழவரும் நெசவாளரும் சந்தையில் அன்றாடம் தொட்டது செம்பைத்தான். வராகனைக் கண்ணால் காணாதவர் பலர். கையில் புழங்கிய காசின் பெயரே அவர்களுக்குப் பணத்தின் பெயர். ஆகவே இந்தச் சொல்லின் உயர்வு, அதைச் சொன்னவர்களின் வறுமையையும் சேர்த்தே சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு நம்மிடமே உண்டு. தமிழகத்தில் "சல்லிக்காசு தர மாட்டேன்" என்றால் ஒன்றுமே தர மாட்டேன் என்று பொருள். இலங்கையில் சிங்களத்திலும், தமிழ் பேசுவோர் பலர் வாயிலும் 'சல்லி' என்றால் பணம். டொய்ட்டுக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது சல்லிக்குத் தமிழகத்தில் நேர்ந்தது. துட்டுக்குத் தமிழகத்தில் நேர்ந்தது சல்லிக்கு இலங்கையில் நேர்ந்தது. தம்பிடி, செப்புக்காசு, நயா பைசா எல்லாம் நம்மிடம் இல்லாமையைச் சொல்லவே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் துட்டு மட்டும் தப்பி மேலே வந்திருக்கிறது.

துட்டு கொச்சைச் சொல்லா?

பள்ளிக் கட்டுரை ஏட்டில் ஒரு மாணவன் 'துட்டு' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துப் 'பணம்' என்று திருத்துவார். இக்கட்டுரையை எழுதுபவரும் வாழப்பாடி வட்டாரத்தில் பல ஆண்டுகள் அப்படிச் சுழித்தவரே. கட்டுரைக்கு எழுத்து வழக்கு வேண்டும் என்ற அளவில் அந்தத் திருத்தம் சரி. ஆனால் "இது ரௌடி பேச்சு, வீட்டில் இப்படித்தான் பேசுவீர்களா?" என்ற கேள்வியும் கூடவே வரும்போது தவறு நேர்ந்துவிடுகிறது. பிள்ளை தன் வீட்டாரின் பேச்சையே இழிவென்று கற்றுக்கொள்கிறது.

துட்டு ஒரு முறைகேடான சிதைவு அல்ல. கம்பெனிக் கணக்கேட்டில் பணத்துக்கும் காசுக்கும் நடுவில் இருந்த ஒரு நாணயத்தின் பெயர். பணம் ஏட்டிலேயே தங்கியதால் மதிப்புப் பெற்றது. துட்டு சந்தையில் தங்கியதால் கொச்சை எனப்பட்டது. இரண்டுக்கும் இருக்கும் வேறுபாடு சொல்லின் தரம் பற்றியது அல்ல, சொன்னவர்களின் நிலை பற்றியது.

அதே போல, வெளியிலிருந்து வந்தது என்பதால் இதை விலக்க வேண்டும் என்பதும், நம் சொல்லாகவே இருக்க வேண்டும் என்று வலிந்து ஒரு தமிழ் வேரைக் கற்பிப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். துட்டு துண்டிலிருந்து வந்தது என்று யாரேனும் சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும். டொய்ட்டின் வேரும் துண்டு என்றே பொருள்படுவதால் இன்னும் இனிக்கும். ஆனால் பொருள் ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. காலமும் இடமும் சாட்சி சொல்ல வேண்டும்.

மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் துட்டு, தம்பிடி, சல்லி, டப்பு என்ற சொற்களைக் கேட்டு, எந்தக் காசுக்கு எந்தப் பெயர், அதற்கு என்ன வாங்க முடிந்தது என்று எழுதி வைக்கலாம். அணாக் கணக்கை நேரில் அறிந்தவர்கள் இப்போது முதியவர்கள். எட்டுக் கொட்டைப்பாக்கு என்ற விலை பழமொழியில் தங்கிவிட்டது. மற்ற விலைகள் எல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன.